எல்லோக் கல்லும் தங்கச்சியின் இடது கையும்

பிள்ளைகளே, இங்கிலாந்தில் லிங்கன்ஷியர் மாவட்டத்து ஸ்போல்டிங்கிலிருந்து கிழக்காலே போகிற வயல் றோட்டோரம் ஒரு கல் நிற்கிறது. பெரிய கல் இல்லை. முட்டைக்கோவா ஏற்றிக்கொண்டு போகிற லொறிக்காரர் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மரக்கறி பொதி செய்கிற தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற நானும் பல வருசமாகத் திரும்பிப் பார்க்காமல் போனவன்தான். என் மகள் அபிக்குப் பள்ளிக்கூடத்தில் "உங்கள் ஊரின் பழைய கதை ஒன்றைக் கண்டுபிடி" என்று வீட்டுவேலை கொடுத்த பிறகுதான், ஒரு சனிக்கிழமை காரை ஓரங்கட்டிவிட்டு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றோம்.

அதன் பெயர் எல்லோக் கல். இங்கிலிஷ் 'யெல்லோ', மஞ்சள் என்று நினைக்காதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எல்லோ என்பது நாங்கள் இருக்கிற இந்தப் பகுதியின் பழைய பெயர். ஆயிரம் வருசத்துக்கு முன்னே இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த சனம் குடியேறி இருந்தது. முதலில் கொள்ளையடிக்க வந்தார்கள், பிறகு உழுது விதைத்து இருந்துவிட்டார்கள். அவர்கள் இருந்த பக்கங்களில் ஊர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் "வாப்பன்டேக்" என்று சொன்னார்கள். தெற்கே இங்கிலிஷ்காரர் அதே மாதிரிப் பிரிவை "ஹண்ட்ரட்" என்றார்கள். எல்லோ ஒரு வாப்பன்டேக். மாதத்துக்கு ஒருக்கா ஊர் ஆம்பிளைகள் வெட்டவெளியில் கூடுவார்கள். வரி, களவு, எல்லைச் சண்டை எல்லாம் அங்கேதான் தீரும். எங்கள் எல்லோ ஆட்கள் கூடிய இடத்தை அந்தக் கல் காட்டுகிறது என்று சொல்கிறார்கள்.

வாப்பன்டேக் என்றால் டேனிஷ்காரரின் பழைய மொழியில் "ஆயுதம் எடுத்தல்". புதுத் தலைவன் வந்தால் குதிரையால் இறங்கித் தன் ஈட்டியை நிமிர்த்திப் பிடிப்பானாம். வந்த எல்லாரும் தங்கள் ஈட்டியால் அந்த ஈட்டியைத் தொடுவார்களாம். தொட்டால் "ஓம், நாங்கள் உன்னோடை" என்று அர்த்தம். வேறு சிலர், அது கூட்டம் முடிய ஆயுதங்களை ஆட்டிச் சத்தம்போட்டுச் சம்மதம் சொல்கிற வழக்கம் என்கிறார்கள். எது சரி என்று எனக்குத் தெரியாது. நான் ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டவன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

இதையெல்லாம் வாசித்து முடித்துவிட்டு அபி கேட்டாள்: "அப்பா, ஈட்டியோடை ஈட்டி தட்டினா என்ன சத்தம் வரும்?"

"டிங் எண்டு வரும்."

"எத்தினை பேர் தட்டினவை? எல்லாரும் ஒண்டாவோ, ஒவ்வொருத்தராவோ?"

 "பொறு, மாமிக்கு டென்மார்க்கிலைதானே வீடு, கேட்டுச் சொல்லுறன்" என்று சமாளித்தேன்.  

அந்த மாமிதான் என் தங்கச்சி வசந்தி. அடுத்த கிழமையே அவள் போன் எடுத்தாள். "அண்ணை, எனக்குப் பிரஜாவுரிமை வந்திட்டுது. கொம்மூனிலை விழா வைக்கினம். எங்கடை பக்கத்திலை நீங்கள் ஒராள் வந்து நிக்கவேணும்." கொம்மூன என்றால் அங்கத்தைய நகரசபை. அந்த விழாவுக்குப் போன கதைதான் இது.

பில்லுண்ட் விமான நிலையத்தால் வெளியே வந்ததும் காற்று என் தொப்பியைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. வசந்தியின் புருசன் குணம் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வந்தான். "மச்சான், இஞ்ச காத்து சும்மா அடிக்கிறேல்லை, சம்பளத்துக்கு அடிக்குது" என்றான். அவனுக்கு அவர்கள் இருக்கிற பிராண்டேயில் காற்றாலை செய்கிற தொழிற்சாலையில் வேலை. அவனுக்குப் பின்னால் வசந்தி சிரித்துக்கொண்டு நின்றாள். வலது கையில் முழங்கைவரை வெள்ளை மாவுக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தன.

"இதென்னடி?"

"ஒண்டுமில்லை அண்ணை. சைக்கிளாலை விழுந்திட்டன்."

"ஒண்டுமில்லையாம்" என்றான் குணம். "மணிக்கட்டு ரெண்டாப் போச்சு. உள்ளங்கையும் சேத்துக் கட்டிப்போட்டாங்கள். விழா வெள்ளிக்கிழமை."

விழாவுக்கும் கட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இராச்சாப்பாட்டு மேசையில்தான் விளங்கிற்று. டென்மார்க்கில் பிரஜாவுரிமை கிடைக்கிறவர் விழாவில் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்து, மேயரோடு கை குலுக்கவேணும். கை குலுக்காவிட்டால் பிரஜாவுரிமை இல்லை. அதுவும் உள்ளங்கையோடு உள்ளங்கை பட வேணும், கையுறை போடக்கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். எனக்கு லிங்கன்ஷியரில் பிரஜாவுரிமை தந்தபோது அரசரின் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். என் உள்ளங்கையை ஒருவரும் பார்க்கவில்லை.

"மாவுக்கட்டு கையுறையோ இல்லையோ எண்டு கேட்டு கொம்மூனுக்குப் போன் அடிச்சனாங்கள்" என்றான் குணம். "அந்தப் பிள்ளை சிரிக்கேல்லை, மச்சான். 'நல்ல கேள்வி, மேலை கேட்டுச் சொல்லுறன்' எண்டாள்."

அன்றைக்குச் சமையல் குணம். புட்டு கல்லாக இருந்தது. மீன்குழம்பை டேனிஷ் கறுப்புப் பாணோடு தொட்டுச் சாப்பிட்டோம். அந்தப் பாண் செங்கல் பாரம், ஆனால் குழம்பை உறிஞ்சி வைத்திருக்கிற திறமைக்கு எங்கள் இங்கிலாந்து வெள்ளைப் பாண் கிட்டவும் வராது. வசந்தி இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். இரண்டு வாய்க்குப் பிறகு கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஏன் பிள்ளை?"

"இடக்கையாலை சாப்பிட்டா தொண்டைக்குள்ளை இறங்குதில்லை அண்ணை. ஆரோ வேறை ஆள் எனக்குத் தீத்துற மாதிரிக் கிடக்கு."

அவளின் மகள் மீரா பக்கத்தில் வந்து இருந்து புட்டைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். மீராவுக்குப் பதினேழு வயது. தமிழ் முழுக்க விளங்கும், பதில் டேனிஷில் வரும். அம்மாவும் மகளும் இரண்டு மொழியில் சண்டை பிடிப்பதைக் கேட்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒருவரும் மற்றவருக்காகத் தன் மொழியை விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த நாள் விபோர்க்குக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். டென்மார்க்கின் மேற்குப் பக்கமான யூலாந்து முழுக்கச் சேர்ந்து கூடிய பெரிய சபை விபோர்க்கில்தான் நடந்தது என்றும், டேனிஷ் அரசர்களை அங்கேதான் சனம் அரசனென்று ஏற்றுக்கொண்டது என்றும் அபியின் புத்தகத்தில் இருந்தது. எங்கள் எல்லோவின் தாய்வீட்டைப் பார்க்காமல் திரும்பலாமா?

வழியெல்லாம் ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டு போனேன். முடிவில் "பி" "பி" என்று வருகிற ஊர்கள். எங்கள் கிறிம்ஸ்பி, ஸ்பில்ஸ்பி மாதிரி. "பி எண்டா ஊர்" என்று மீரா டேனிஷில் சொல்ல, குணம் தமிழாக்கித் தந்தான். லிங்கன்ஷியரில் நாங்கள் நாளாந்தம் டேனிஷ் கதைத்துக்கொண்டு இருக்கிறோம், எங்களுக்குத்தான் தெரியாது. நிலமும் எங்கள் பக்கம் மாதிரியே. வானம் முக்கால் பங்கு, மண் கால் பங்கு. ஒரு வளைவில் ஆளில்லாத ஒரு சின்னப் பெட்டிக்கடை. உருளைக்கிழங்குப் பைகளை வைத்துவிட்டு வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார். எடுக்கிறவர் காசைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதான். நான் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று பார்த்தேன். "என்ன மச்சான், களவெடுக்க யோசிக்கிறியளோ?" என்றான் குணம்.

விபோர்க் மேட்டு ஊர். தேவாலயத்தின் இரண்டு கோபுரமும் தூரத்திலேயே தெரியும். சபை கூடிய இடத்தைத் தேடி மேலும் கீழுமாக நடந்தோம். இதுதான் இடம் என்று சொல்ல எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை. மழை தூறத் தொடங்க நூலகத்துக்குள் ஓடினோம். அங்கே மேசையில் இருந்த பெண் நான் கேட்டதை மீராவின் வாயால் கேட்டுவிட்டு, வேலையை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தா. எங்கள் ஊரில் என்றால் ஒரு பத்திரம் நிரப்பச் சொல்லியிருப்பார்கள்.

அவ சொன்னதை மீரா முதன்முறையாக எனக்காகத் தமிழில் சொன்னாள். "மாமா, உங்கடை வாப்பன்டேக் மாதிரி இஞ்ச 'ஹெரட்' எண்டு இருந்ததாம். ஒவ்வொரு ஹெரட்டுக்கும் ஒரு... கூடுற இடம். நாலு பெரிய மரக்குத்தியை இப்பிடி, சதுரமாப் போட்டு, அதிலை இருந்து தீர்ப்புச் சொல்லுவினமாம். கூரை இல்லை. சுவரும் இல்லை."

"ஏன் சுவர் இல்லை எண்டு கேள்."

மீரா கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏதோ சொன்னா. "எல்லாரும் பாக்கவேணும் எண்டாயிருக்கும், தனக்கும் நிச்சயமாத் தெரியாதாம்." தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பெண்ணை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

ஈட்டி தட்டினால் என்ன சத்தம் வரும் என்றும் கேட்கச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்தா. அந்தக் கேள்வியைத் தன்னிடம் ஒருவரும் கேட்டதில்லையாம்.

நூலகத்து வாசலில் நிற்கும்போது குணத்தின் போன் அடித்தது. கொம்மூன. அவன் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டினான், பிறகு எங்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான். "இடக்கையாலை குடுக்கலாமாம்! பிரச்சினையே இல்லையாம்!"

மீரா துள்ளினாள். நான் குணத்தின் முதுகில் தட்டினேன். வசந்தி மட்டும் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பாட்டுக்குப் போனோம். பொரித்த மீனும் தடித்த மஞ்சள் சோசும் வந்தது. அவள் தொடவில்லை.

"நான் அடுத்த விழாவுக்குப் போறன்" என்றாள்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்?" என்றான் குணம். "அது எப்ப வருமோ ஆருக்குத் தெரியும்? பேந்து எலக்சனுக்கு என்ன செய்யிறது?"

இங்கேதான் பிள்ளைகளே, நீங்கள் ஒரு விசயம் அறியவேணும். வசந்திக்கு முதியோர் இல்லத்தில் வேலை. தேர்தல் நாளில் வயதானவர்களைச் சக்கரக் கதிரையில் வைத்து வாக்குச்சாவடிக்குத் தள்ளிக்கொண்டு போகிறது அவள்தான். உள்ளூர்த் தேர்தலில் அவளும் போடலாம். நாட்டுப் பாராளுமன்றத்துக்கு என்றால் போடமுடியாது. வாசல்வரை தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளியே சுவரோரம் நின்று, அவர்கள் போட்டுவிட்டு வரத் திருப்பிக் கொண்டுவருவாள். இத்தனை வருசமும் அப்படித்தான். மொழிப் பரீட்சையில் தவறி, திரும்ப எழுதி, திரும்பத் தவறி, கடைசியில் பாஸ் பண்ணினதெல்லாம் அந்த வாசலுக்குள் போகத்தான். அடுத்த தேர்தல் வரப்போகுது என்று ஊரே கதைத்துக்கொண்டிருந்த நேரம் அது. வெள்ளிக்கிழமையை விட்டால் இந்தமுறையும் சுவரோரம்தான்.

"உமக்கென்ன, இடக்கை எண்டா குறைஞ்சா போகும்?" என்றான் குணம். "அவங்களே ஓம் எண்டிட்டாங்கள்."

"அவை ஓம் எண்டுவினம். அவைக்கு ரெண்டு கையும் ஒண்டு." வசந்தி தட்டைத் தள்ளிவிட்டாள். "கோயிலிலை திருநீறை இடக்கையாலை வாங்குவீங்களோ? ஒராள் தாற சாமானை இடக்கையாலை வாங்குவீங்களோ? இதென்ன கடையிலை மிச்சக்காசோ? ஒரு நாட்டைத் தருகினம் அண்ணை. அதை இடக்கையாலை வாங்கேலுமோ?"

 மீரா அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்து அம்மாவுக்கு மீனைப் பிய்த்து வைத்தாள்.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது, ஈட்டிக் கதையைச் சொல்லி அவளின் மனத்தை மாற்றலாம் என்று நினைத்தேன். தலைவன் குதிரையால் இறங்குகிறதையும் எல்லாரும் ஈட்டியால் தொடுகிறதையும் எழும்பி நின்று அகப்பைக் காம்பால் நடித்தே காட்டினேன். "பார் பிள்ளை, தொடுறதுதான் முக்கியம். ஊர் பாக்கத் தொடுறது."

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "அண்ணை, சண்டைக்காரருக்கு இடக்கையிலை கேடயம் இருக்குமெல்லே?"

"ஓம், இருக்கும்."

"அப்ப ஈட்டி எந்தக் கையிலை?"

நான் அகப்பையைப் பார்த்தேன். வலது கையில்தான் இருந்தது.

"பொம்பிளையளும் தொட்டவையோ?"

"இல்லை... சுதந்திரமான ஆம்பிளையள் மட்டும்தான். அடிமையாயிருந்த ஆக்களும் இல்லை."

"பேந்து ஏன் எனக்கு உந்தக் கதை?" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள். குணம் மீசைக்குள் சிரித்தான். வாப்பன்டேக் ஆயிரம் வருசத்தில் இப்படி ஒரு தோல்வியைக் கண்டிருக்காது.

ஆனாலும் அதிலே நல்லதும் இருந்தது என்று உங்களுக்குச் சொல்லவேணும். ஒவ்வொரு வாப்பன்டேக்கிலும் பன்னிரண்டு பெரியவர்கள், குற்றமில்லாதவனைக் குற்றம் சாட்டமாட்டோம், குற்றவாளியை மறைக்கமாட்டோம் என்று சத்தியம் பண்ணவேணும் என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது. அதைவிட ஒரு ஊருக்கு வேறென்ன வேணும்? பிறகு அரசனின் நீதவான்கள் வந்தார்கள், கட்டடங்கள் வந்தன, வெட்டவெளிக் கூட்டம் மெல்ல மெல்லச் செத்துப்போனது. எல்லோ என்ற பெயர் மட்டும் ஒரு பிரதேச சபையின் பெயரில் ஒட்டிக்கொண்டு எங்கள் அப்பாமார் காலம்வரைக்கும் வந்தது. பிறகு அதுவும் போய் இப்போது கல் மட்டும் நிற்கிறது.

வியாழக்கிழமை வசந்தி வேலை செய்கிற இல்லத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். லீவில் இருந்தாலும் ஒருமுறை முகத்தைக் காட்டவேணுமாம். முதியோர் இல்லம் என்றால் மருந்து மணமும் நீளமான விறாந்தையும்தான் என் நினைப்பில். இங்கே ஒவ்வொருவருக்கும் தனி வாசல், வாசலில் அவரவர் வீட்டுப் பெயர்ப்பலகை, யன்னலில் அவரவர் பூச்சாடி. குசினியிலிருந்து கறுவா மணம். ஒரு கிழவி பியர் குடித்துக்கொண்டு சீட்டு விளையாடினா. எனக்கும் ஒரு நாள் கால் ஏலாமற்போனால் இப்படி ஒரு இடத்தில் யன்னலோரம் இருந்தால் போதும்.

அங்கே நீல்ஸ் என்று ஒரு பெரியவர். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நடப்பதில்லை, ஆனாலும் ஊன்றுதடியை ஒருநாளும் விடமாட்டார். சக்கரக் கதிரையில் மடிக்குக் குறுக்கே வைத்திருந்தார். "ஓம் எண்டா தடியாலை நிலத்திலை தட்டுவார். இல்லையெண்டா சும்மா இருப்பார்" என்று வசந்தி சொன்னாள். "கோப்பி வேணுமோ?" என்று அவரைக் கேட்டாள். டொக். "பால்?" அவர் சும்மா இருந்தார்.

அவள் குனிந்து டேனிஷில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். நாளைக்குத் தான் விழாவுக்குப் போகவில்லை, அடுத்த முறைதான் என்று சொன்னாளாம். பிறகு, "சரிதானே?" என்று கேட்டாளாம்.

தடி அசையவில்லை.

அவர் அவளின் மாவுக்கட்டைப் பார்த்தார்.  பிறகு தடியை மடியில் விட்டுவிட்டு இடது கையை நீட்டினார். அவரிடம் நீட்டுவதற்கு இருக்கிற கை அது ஒன்றுதான். வசந்தியும் தன்பாட்டிலேயே தன் இடது கையைக் கொடுத்தாள். அவளிடமும் அன்றைக்கு இருந்தது அது ஒன்றுதான். பொருத்தமாகப் போய் விழுந்தது. அவர் விடவில்லை, அவளும் இழுக்கவில்லை. கோப்பி ஆறிப்போனது.

திரும்பி வரும்போது, ஏற்ற வந்த குணம் கார் ஓட்டினான், நான் முன்னால், அவள் பின்னால். பிராண்டேக்குக் கிட்ட வந்தபோது அவள் முன்னுக்குச் சாய்ந்தாள். பிறகு சொன்னாள்:

"அண்ணை, ஒவ்வொரு நாளும் காலமை அந்த மனிசன் எனக்குக் கை தாறவர். இண்டைக்குத்தான் யோசிக்கிறன், அது இடக்கை எண்டு. ஒருநாளும் எனக்குக் குறைவாத் தெரியேல்லை."

குணம் காரின் வேகத்தைக் குறைத்தான். 

பின்னாலிருந்து திரும்பவும் குரல் வந்தது. "மஞ்சள்நிறக் காஞ்சிபுரத்தை ஒருக்கா அயன் பண்ணோணும். மீராவுக்குச் சீலைக் கொய்யகம் மடிக்கத் தெரியுமோ தெரியாது."

வெள்ளிக்கிழமை காலை மீரா கொய்யகம் மடித்தாள், அம்மாவிடம் ஏச்சு வாங்கினாள், அவிழ்த்துத் திரும்ப மடித்தாள். நேரத்தோடு வெளிக்கிட்டோம். ஊர் எல்லை வட்டச் சந்தியில் எல்லா வாகனமும் நின்றது. எட்டிப் பார்த்தால் ஒரு லொறி. லொறி என்று சொல்லவும் கூடாது. காற்றாலையின் ஒற்றைச் செட்டையை, அதுதான் இறக்கையை, ஏற்றிக்கொண்டு, ஒரு தெரு நீளத்துக்கு, ஆமை மாதிரி அந்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் மஞ்சள் விளக்குப் போட்ட கார்கள்.

"பாருங்கோ மச்சான்!" குணம் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையைக் காட்டினான். "உது நாங்கள் செய்தது! என்ன வடிவு, பாத்தியளே?"

"நீங்கள் செய்த சாமானாலை எனக்குப் பிரஜாவுரிமை போகப்போகுது!" என்று பின்னாலிருந்து கத்தினாள் வசந்தி.

"போகாது, போகாது. இது காத்திலை சுத்திற சாமான், வட்டத்திலை சுத்தக் கொஞ்சம் நேரமெடுக்கும்."

ஒரு டேனிஷ்காரரும் ஹோர்ன் அடிக்கவில்லை. காரால் இறங்கிப் படம் எடுத்தார்கள், ஒருவர் சிகரெட் பத்தவைத்தார். ஸ்போல்டிங்கில் ஒரு ட்ராக்டருக்குப் பின்னால் நிற்கும்போது நான் சொல்கிற வார்த்தைகளை இங்கே எழுதமாட்டேன்.

கொம்மூன மண்டபத்துக்குள் ஓடிப்போனபோது பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். நல்லகாலம், பெயர் கூப்பிடத் தொடங்கவில்லை. சின்ன மண்டபம், மரத்தளம், மேசையில் கொடிகளும் கேக்கும். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு சக்கரக் கதிரை நின்றது. நீல்ஸ். வசந்தியோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். வசந்தி போகவில்லை என்று சொன்ன விழாவுக்கு அவர் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சிரியாக்காரர் ஒருவர், போலந்துப் பெண் ஒருத்தி. பிறகு வசந்தியின் பெயர். எழுத்துக்களை எல்லாம் தவறவிட்டுத்தான் வாசித்தார்கள், ஆனாலும் அவள் எழும்பினாள். பேனையை விரல் நுனிகளுக்குள் செருகிக் கையெழுத்து வைத்தாள். மேயர் உயரமான ஆள். அவருக்குச் சொல்லி வைத்திருந்திருக்கிறார்கள், இடது கையை நீட்டினார்.

அவள் நின்றாள். ஒரு மூச்சு. 

பிறகு இடது கையைக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே வலது கையை, அந்த வெள்ளைக் கட்டோடு, இடது முழங்கைக்குக் கீழே கொண்டுபோய் ஏந்திப் பிடித்தாள். பெரியவர்களுக்கு ஒன்றைக் கொடுக்கும்போது மற்றக் கையால் தொட்டுக்கொண்டு கொடுப்போமே, அப்படி. அங்கே இருந்த டேனிஷ்காரர் ஒருவருக்கும் அது விளங்கியிருக்காது. எனக்கும் குணத்துக்கும் விளங்கிற்று. குணம் மூக்கை உறிஞ்சினான்.

"இடக்கைக்கு மன்னிக்கவேணும்" என்றாளாம் மேயரிடம்.

"நல்ல சூடான கை" என்றாராம் மேயர். "இண்டைக்குக் கை குடுத்த ஆக்கள் எல்லாருக்கும் கை ஐஸ்."

சனம் கைதட்ட எடுத்தது. அதற்கு முன்னால், ஒரு கணம் முன்னால், எனக்குப் பின்னாலே மரத்தளத்தில் கேட்டது.

டொக்.

திரும்பிப் பார்த்தேன். நீல்ஸ் இடது கையில் தடியை நிமிர்த்திப் பிடித்திருந்தார். திரும்பவும் தட்டினார். முன் வரிசையில், பிடித்து நடக்கிற வாக்கரோடு இருந்த ஒரு கிழவி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் வாக்கரை நிலத்தில் இரண்டு தரம் தட்டினா. வசந்தி மேயரின் கையை விட்டுவிட்டு எங்கள் எல்லாரையும் தாண்டிப் பின்னாலே பார்த்தாள்.

அபி, ஈட்டி தட்டினால் என்ன சத்தம் வரும் என்று நீ கேட்டாயே. டிங் என்று வராது மகளே, நான் சொன்னது பிழை. டொக் என்று வரும். எல்லாரும் ஒன்றாக இல்லை. முதலில் ஒராள் தட்டுவார்.